பேரம் படியாவிட்டால் 55 ஆண்டு

அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜூரி விசாரணையை உரிமையாக்குகிறது. ஆனால் ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் 97 சதவீதம் பேர் ஜூரியின் முகத்தையே பார்க்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். 2012-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி அந்தோனி கென்னடி தன் தீர்ப்பில் சொன்ன கணக்கு இது. அந்த வழக்குகளில் பெரும்பாலானவை, ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞருடன் பேரம் பேசியே முடிந்துவிடுகின்றன.

இந்தப் பேரத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பாதிக்கப்பட்டவர் கூண்டில் ஏறி நடந்ததையெல்லாம் மறுபடி சொல்லும் வேதனை மிச்சம். கும்பலின் கடைநிலை ஆள் வாயைத் திறந்தால்தான் தலைவனை நெருங்க முடியும். தண்டனை குறையாது என்றால் அவன் ஏன் திறக்கப்போகிறான்? எல்லா வழக்கும் ஜூரி முன் போனால் நீதிமன்றங்கள் தாங்காது என்பார்கள். அது நிர்வாகத்தின் கவலை. அதற்குக் குற்றம் சாட்டப்பட்டவர் ஏன் விலை கொடுக்கவேண்டும்?

அந்த விலை எவ்வளவு என்பதில்தான் கோளாறே இருக்கிறது. யூட்டா மாநிலத்தின் வெல்டன் ஏஞ்சலோஸ் என்ற இளம் இசைத் தயாரிப்பாளர், 2002-இல் போலீஸ் உளவாளி ஒருவரிடம் மூன்று முறை கஞ்சா விற்றார். தடவைக்கு 350 டாலர். துப்பாக்கி வைத்திருந்ததாகவும் குற்றச்சாட்டு. யாரையும் சுடவில்லை, யாரிடமும் நீட்டவில்லை. ஒப்புக்கொண்டால் 15 ஆண்டு என்றது அரசுத் தரப்பு. அவர் மறுத்தார். புதிய குற்றப்பத்திரிகை வந்தது. துப்பாக்கிக் குற்றச்சாட்டுகள் பெருகின. முதலாவதற்கு 5 ஆண்டு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25, அதையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கவேண்டும் என்பது அன்றைய சட்டம். ஜூரி மூன்றை உறுதிசெய்தது: 55 ஆண்டு. நீதிபதி பால் காசெல் 2004-இல் இந்தத் தண்டனையை அநியாயம், கொடூரம் என்று தானே எழுதிவிட்டு, சட்டத்தில் வேறு வழி இல்லாமல் அதையே விதித்தார். அன்றே அவர் முன் வந்த இன்னொரு வழக்கில், மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றவனுக்குக் கிடைத்தது சுமார் 22 ஆண்டு.

இப்படி மிரட்டலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1978-லேயே பதில் சொல்லிவிட்டது. கென்டக்கியில் 88 டாலர் 30 சென்ட் போலிக் காசோலை வழக்கு. 5 ஆண்டை ஏற்க மறுத்த பால் ஹேய்ஸ் மீது, பழைய தண்டனைகளைக் காட்டி, தொடர்ந்து குற்றம் புரிவோருக்கான சட்டம் பாய்ந்தது; கிடைத்தது ஆயுள் தண்டனை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் அதில் தவறில்லை என்றார்கள்.

பாதுகாப்பு இல்லாமல் இல்லை. ஃபெடரல் நீதிபதி பேரத்தில் தலையிடக் கூடாது; ஆனால் திறந்த நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரையே நேரில் கேட்கவேண்டும்: யாராவது வற்புறுத்தினார்களா? இல்லை என்று சொன்னால்தான் 15 ஆண்டு கைக்கு வரும் என்ற நிலையில், வேறு என்ன பதில் வரும்? இதைவிட மோசம், அதிகம் பேசப்படாத 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தன்மையை உடைக்கும் தகவல் கையில் இருந்தாலும், ஒப்பந்தத்துக்கு முன் அதைக் காட்டவேண்டிய கட்டாயமில்லை என்கிறது அது. எதிராளியின் பலவீனம் தெரியாமலே கையெழுத்துப் போடவேண்டும்.

2018-இல் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் அந்த 25 ஆண்டு அடுக்கலை, முன்பே அதே குற்றத்தில் இறுதியாகத் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஏற்கெனவே தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. எந்தக் குற்றச்சாட்டைப் போடுவது, எத்தனை போடுவது என்ற அதிகாரத்தை அது தொடவே இல்லை. ஏஞ்சலோஸ் 2016-இல் வெளியே வந்ததும் மேல்முறையீட்டில் வென்று அல்ல. அரசுத் தரப்பே மனமிறங்கியதால்தான்.