இரண்டாவது எண் எங்கே?

துப்பாக்கிச் சுடுதலில் ஈடுபாடு உள்ளவர்களிடம், தோட்டாவின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் வாங்க யோசனை கேட்டால் இன்று ஒரே பதில்தான் கிடைக்கிறது. ரேடார் வாங்குங்கள், பழைய ஒளித்திரைக் கருவியைத் தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். 2023 இறுதியில் கார்மின் நிறுவனத்தின் ரேடார் கருவியான ஸீரோ சி1 ப்ரோ சந்தைக்கு வந்த பிறகு, யோசனையாக இருந்த இந்தப் பதில் தீர்ப்பாகவே மாறிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி அது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டால் தோட்டாவின் வேகம் திரையில் வந்து நிற்கிறது.

வசதி உண்மைதான். ஒளித்திரைக் கருவி தோட்டாவின் நிழலைப் பார்த்து வேலை செய்வது. மேகம் கவிந்தாலும் குழல்விளக்கு மினுக்கினாலும் தடுமாறும். குழல் முனையிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, தோட்டா போகும் பாதையிலேயே அதை நிறுத்த வேண்டும். குறி சற்றுத் தாழ்ந்தால் கருவியே சிதறும். அப்படிச் செத்த கருவிகள் ஏராளம். ரேடாருக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. அதை வாங்குகிறவர்கள் ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை.

என் கேள்வி வேறு. நெடுநாளாகக் கேட்டு வருவதும் அதைத்தான். கருவி தவறாகச் சொன்னால், அது தவறு என்பது எனக்கு எப்படித் தெரியவரும்?

அந்தக் காலத்துக் கருவி செய்தவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டவர்கள். 1860களில் பெல்ஜியப் பீரங்கிப்படை அதிகாரி லெ பூலாஞ்சே செய்த குரோனோகிராப்பைப் பாருங்கள். தோட்டாவின் பாதையில் இரண்டு கம்பிச் சட்டங்கள் நிற்கும். முதல் சட்டத்தின் கம்பி அறுந்ததும், மின்காந்தத்தில் தொங்கும் நீளமான கோல் விழத் தொடங்கும். இரண்டாவது கம்பி அறுந்ததும் குட்டைக் கோல் விழுந்து ஒரு விசையைத் தட்டும். உடனே ஒரு கத்தி பாய்ந்து, விழுந்துகொண்டிருக்கும் நீளக் கோலில் ஒரு வெட்டு போடும். வெட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து நேரத்தையும், நேரத்திலிருந்து வேகத்தையும் கணக்கிடுவார்கள். ஆனால் சுடுவதற்கு முன்பு இன்னொரு வேலை உண்டு. இரண்டு மின்சுற்றுகளையும் ஒரே கணத்தில் துண்டித்துப் பார்க்க வேண்டும். கருவியின் சொந்தத் தாமதம் 0.15 வினாடி என்று வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் கோல் சுமார் 110 மில்லிமீட்டர் விழும். வெட்டு அந்த இடத்தில் இல்லையென்றால், கருவியைச் சரிசெய்யாமல் ஒரு குண்டுகூடச் சுடமாட்டார்கள். தன்னைத் தானே சோதித்துக் காட்டிய பிறகுதான் அந்தக் கருவிக்கு அடுத்ததை அளக்கும் உரிமை கிடைத்தது.

அந்த மரபின் கடைசி நல்ல வாரிசு டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் செய்யப்பட்ட ஓஹ்லர் 35பி. வழக்கமான கருவிகளில் இரண்டு திரைகள்தான், இதில் மூன்று. முதல் திரைக்கும் மூன்றாவது திரைக்கும் இடையே ஒரு வேகம், முதல் திரைக்கும் நடுத் திரைக்கும் இடையே இன்னொரு வேகம். ஒவ்வொரு சுடலுக்கும் இரண்டையும் ஒரு சிறிய காகிதச் சுருளில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டுத் தரும். வினாடிக்கு 3012 அடி, 3009 அடி என்று வந்தால் நம்பலாம். 3012, 2960 என்று வந்தால் ஏதோ ஒரு திரை ஏமாந்திருக்கிறது, அந்தச் சுடலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கருவியே தன் மேல் சந்தேகத்தை எழுப்பி அதை எழுத்தில் தருகிறது.

சாதாரண இரட்டைத் திரைக் கருவிகூட முழுக்க மூடிய பெட்டி அல்ல. திரைகளுக்கு நடுவே இரண்டு அடி என்றால் எஃகு டேப்பை வைத்து அளந்துவிடலாம். எட்டில் ஒரு அங்குலம் பிசகினால் 3000 அடி வேகத்தில் சுமார் 15 அடி பிழை வரும் என்பதையும் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். பழுதுபார்ப்பதும் அப்படியே. பேட்டரி தளர்ந்திருக்கும், லென்ஸில் தூசி படிந்திருக்கும், கேபிள் முனை ஆடும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். வேகம் நன்றாகத் தெரிந்த .22 போட்டித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தால் கருவி தேறியதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

ரேடாருக்கு வருவோம். 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், 3000 அடி வேகத்தில் போகும் தோட்டாவில் பட்டுத் திரும்பும் அலையில் சுமார் 146 கிலோஹெர்ட்ஸ் மாற்றம் இருக்கும். பெட்டி அதைக் கேட்கிறது. தோட்டா குழல் முனையை விட்டுச் சற்றுத் தூரம் போன பிறகே அதற்குத் தெளிவாகக் கேட்கும். அங்கிருந்து, வேகம் குறைந்துகொண்டே வந்த கோட்டைப் பின்னோக்கி நீட்டி, முனையில் இருந்திருக்கக்கூடிய வேகத்தை ஊகிக்கிறது. நாம் படிப்பது அந்த ஊகத்தை. அது எத்தனை புள்ளிகளிலிருந்து வந்தது, சமிக்ஞை எவ்வளவு பலமாக இருந்தது என்பது தெரிய வேண்டாமா? முந்தைய ரேடார் கருவியான லேப்ரேடார், தோட்டாவைத் தொடர்ந்த தடத்தையும் சமிக்ஞையின் தரத்தையும் மெமரி கார்டில் எழுதி வைத்தது. கையடக்கப் பெட்டி ஒவ்வொரு சுடலுக்கும் ஒரே ஒரு வேகத்தைத்தான் காட்டுகிறது. கருவி சிறுத்ததோடு ஆதாரமும் காணாமல் போனது. இதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே வகை ரேடார் இரண்டைப் பக்கத்தில் வைத்துச் சுட்டோம், ஓரிரண்டு அடிக்கு மேல் வித்தியாசமில்லை என்பது ரேடார் அன்பர்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம். ஒரே மென்பொருள், ஒரே ஊகம், ஒரே கோணம்; அவை ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்? ஒரே பள்ளியில் ஒரே தப்பைப் படித்த இரண்டு மாணவர்களும் தேர்வில் ஒரே விடையைத்தான் எழுதுவார்கள். வேறு முறையில் அளக்கும் கருவி ஒத்துப்போனால் அது சாட்சியம். 0.1 சதவீதத் துல்லியம் என்பது உற்பத்தியாளரின் வாக்குமூலம். அன்று என் மேசையில், அந்தக் கோணத்தில், அந்தத் தோட்டாவுக்கு அது பொருந்தியதா என்று பார்க்க எனக்கு வழியில்லை.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு கறார் வேண்டுமா என்று கேட்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். அங்கே 12 அடி-பவுண்டு ஆற்றலைத் தாண்டிய ஏர் ரைபிளுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும். இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 8.44 கிரெய்ன் பெல்லட்டுக்கு அந்த எல்லை வினாடிக்கு ஏறக்குறைய 800 அடி. 796 என்றால் 11.88 அடி-பவுண்டு, 804 என்றால் 12.12. அரை சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால் ஒருவர் குற்றவாளி ஆகலாம். அந்த எல்லையில் நிற்பவர், தன் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியாத ஒரு பெட்டியை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

ரேடார் வைத்திருப்பவர்கள் பழைய ஒளித்திரைக் கருவியை விற்க வேண்டாம். பேட்டரி மாற்றி, லென்ஸைத் துடைத்து, டேப்பால் அளந்து வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறையாவது இரண்டு கருவிகளாலும் ஒரே சுடலை அளக்கட்டும். திரைகள் பத்துப் பதினைந்து அடி தள்ளி அளப்பதால், அந்தத் தூரத்தில் குறையும் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். உற்பத்தியாளர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது: வேகத்துக்குக் கீழே சமிக்ஞையின் தரத்தைச் சொல்லும் ஒரு எண். லேப்ரேடார் அதைப் பதிவு செய்து காட்டிய பிறகு, முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.