முடிந்த ஆட்டமும் அடுத்த தெரிவும்: ‘டிஸ்கோ எலிசிய’த்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பாத்திரமேற்பு விளையாட்டு ஒன்றை விரும்பி ஆடி முடித்தவர், அடுத்து எதை ஆடுவது என்னும் வினாவை எதிர்கொள்கிறார். புறத்தோற்ற ஒப்புமையே பெரும்பாலும் இதற்கு விடையாகத் தரப்படுகிறது. 2019இல் வெளிவந்த ‘டிஸ்கோ எலிசியம்’ விளையாட்டை மையமாகக் கொண்டு, அதற்குப் பின் ஆடத்தக்க ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’, ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’, ‘பென்டிமென்ட்’ ஆகிய மூன்றையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நன்னூலின் நூல்வகைப் பாகுபாடு இங்கு ஒப்பீட்டுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. தோல்வியை ஒவ்வோர் ஆட்டமும் எவ்வாறு பொருள்கொள்கிறது என்பதே தெரிவுக்குரிய அளவுகோல் என்று கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, டிஸ்கோ எலிசியம், வழிநூல், சார்புநூல், பகடை, தோல்வி.

முன்னுரை

பாத்திரமேற்பு விளையாட்டை ஆடுபவர் கதையை வெளியே நின்று பார்ப்பதில்லை. பல நாள்கள் ஒரு மாந்தரின் குரலில் பேசி, அவருக்காக முடிவெடுத்து, அம்முடிவுகளின் விளைவையும் அவரே ஏற்கிறார். ஆதலால் ஆட்டம் முடியும்போது கதையோடு ஒரு வாழ்முறையும் முடிகிறது. அந்த வெறுமையில் எழும் முதல் வேட்கை, ‘அதைப் போன்ற’ வேறொன்றைத் தேடுவதாகும்.

‘போன்ற’ என்னும் உவம உருபு பொதுத்தன்மையைச் சுட்டாதவரை பொருள் நிறைவு பெறாது. முகம் நிலவைப் போன்றது என்றால் ஒளியா, வட்டமா, குளிர்ச்சியா என்று கேட்க இடமுண்டு. விளையாட்டுப் பரிந்துரைகளில் இக்கேள்வி கேட்கப்படுவது அரிது. துப்பறியும் கதை, நீண்ட உரையாடல், ஓவியப் பாங்கான காட்சி என்னும் புறக்கூறுகளே பொதுத்தன்மையாகக் கொள்ளப்படுகின்றன. இதனால் ஏற்படும் இழப்பு ஆடுபவரின் நேரத்தோடு நிற்பதில்லை. தனித்தன்மையுள்ள ஒரு படைப்பு, முந்தையதன் மங்கிய நகலாக அளக்கப்பட்டுப் பாதியில் கைவிடப்படுகிறது. எனவே அடுத்த தெரிவு என்பது சுவை சார்ந்த சிறு வினாவாகத் தோன்றினும், அது திறனாய்வுக்குரிய வினாவே ஆகும்.

‘டிஸ்கோ எலிசியம்’ பயிற்றும் வாசிப்பு

எஸ்டோனியாவில் தோன்றிய ஸாஉம் குழுவினர் உருவாக்கிய இவ்விளையாட்டு 2019 அக்டோபரில் வெளிவந்தது. ராபர்ட் குர்விட்ஸ் இதன் முதன்மை எழுத்தாளர். ரெவஷோல் என்னும் கற்பனை நகரின் மார்ட்டினேஸ் பகுதியில், தன் பெயரையும் மறந்த காவல்துறைத் துப்பறிவாளர் ஒருவர் விடுதி அறையில் கண்விழிக்கிறார். விடுதியின் பின்புறம் மரத்தில் ஒரு சடலம் தொங்குகிறது. கிம் கிட்சுராகி என்னும் சக அதிகாரியுடன் அவர் விசாரணையைத் தொடங்குகிறார். அரை நூற்றாண்டுக்கு முன் நசுக்கப்பட்ட ஒரு புரட்சியின் நினைவு அந்நகர் முழுவதும் படிந்திருக்கிறது.

வழக்கமான போர்முறை இவ்விளையாட்டில் இல்லை. அறிவு, உளம், உடல், இயக்கம் என்னும் நான்கு பிரிவுகளில் பிரிவுக்கு 6 ஆக 24 திறன்கள் உள்ளன. அவை வெறும் எண்களாக நில்லாமல், மனத்துக்குள் எழும் குரல்களாகத் துப்பறிவாளருடன் பேசுகின்றன. சில வேளைகளில் தவறாகவும் வழிநடத்துகின்றன. செயலின் வெற்றியை இரு பகடைகளும் உரிய திறனின் அளவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சில சோதனைகளைப் பின்னர் மீண்டும் முயலலாம். சிலவற்றுக்கு ஒரே வாய்ப்புதான்.

இந்த அமைப்பின் தனிச்சிறப்பு தோல்வியில் வெளிப்படுகிறது. பிற விளையாட்டுகள் பலவற்றில் தோல்வி என்பது ஆட்டம் நின்றுபோகும் இடம். ஆடுபவர் சேமித்த இடத்துக்குத் திரும்பிச் செல்வார். இங்கோ தோல்விக்கெனத் தனிக் காட்சி எழுதப்பட்டுள்ளது. விடுதியின் மேடையேறித் துப்பறிவாளர் பாட முயன்று தோற்றாலும், அத்தோல்வி அவரது குணச்சித்திரத்தின் ஒரு பகுதியாகிறது. தோற்றுப்போன புரட்சி, தோற்றுப்போன மணவாழ்வு, தோற்றுப்போன நினைவு என்னும் கதையின் உள்ளடக்கமும் பகடையின் தோல்வியும் ஒன்றையொன்று விளக்குகின்றன. தோல்வியையும் பொருளுடையதாக வாசிக்கும் பழக்கமே இவ்விளையாட்டு ஆடுபவருக்கு அளிக்கும் பயிற்சி எனலாம்.

நூல்வகைப் பாகுபாடு

குர்விட்ஸ் உள்ளிட்ட முதன்மைப் படைப்பாளர் சிலர் நிறுவனத்தை விட்டு நீங்கிய செய்தி 2022இல் பொதுவெளிக்கு வந்தது. ஆகவே அதே கைகளால் ஆன தொடர்ச்சியை எதிர்பார்த்திருந்தவர் வேறிடம் நோக்க வேண்டியதாயிற்று. இந்நிலையில் ஒரு படைப்புக்கும் அதற்குப் பின் நாடப்படும் படைப்புக்கும் உள்ள உறவை வரையறுக்கத் தமிழ் இலக்கண மரபு ஒரு கருவியைத் தருகிறது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுக்க, நன்னூல் சார்பையும் சேர்த்து மூன்றாகக் கொள்கிறது. வழிநூல் முன்னோர் முடிபோடு ஒத்துச் சென்று, பின்னோன் விரும்பும் வேறுபாட்டைக் கூறும். சார்புநூல் ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, பிறவற்றில் வேறுபடும்.

அறிவு நூல்களுக்கு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு இங்கு உவமையளவில் மட்டுமே பொருத்தப்படுகிறது. படைப்பாளரிடையே நேரடித் தாக்கம் உண்டு என்று இதனால் கூறுவதற்கில்லை. ஆடுபவரின் அனுபவ வரிசையில் உருவாகும் உறவே இங்குக் கருதப்படுகிறது.

முதலுக்குத் திரும்புதல்: ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’

பிளாக் ஐல் நிறுவனம் உருவாக்கி 1999இல் வெளிவந்த இவ்விளையாட்டு ‘டிஸ்கோ எலிசிய’த்தின் முன்னோடியாகப் பரவலாகக் குறிப்பிடப்படுவது. நினைவிழந்த, பெயரற்ற நாயகன் பிணவறையில் விழிக்கிறான். சண்டையைக் காட்டிலும் உரையாடலே ஆட்டத்தைச் செலுத்துகிறது. புறவொப்புமை இவ்விரண்டிலும் மிகுதி. ஆதலால் பரிந்துரையில் இதுவே முந்துகிறது.

ஆயினும் தோல்வியை நோக்கும் பார்வை வேறு. நாயகனுக்கு இறப்பில்லை, வீழ்ந்தால் மீண்டும் எழுவான். அவனது ஒவ்வோர் இறப்புக்கும் வேறோர் உயிர் விலையாகிறது என்பது பிற்பகுதியில்தான் புலப்படுகிறது. அறிவும் ஞானமும் குறைந்த பாத்திரத்துக்கு உரிய உரையாடல் தெரிவுகள் திரையில் தோன்றுவதே இல்லை. அதாவது ‘டிஸ்கோ எலிசிய’த்தில் கண்முன் நிகழும் தோல்வி, இங்கு மறைந்தே நிற்கிறது. ‘டிஸ்கோ எலிசிய’த்தை முடித்த கையோடு இதை நாடுபவர், மெதுவான போர்முறையையும் பழைய இடைமுகத்தையும் குறையாகக் காண்பார், மறைந்து நிற்கும் விலையைக் காணத் தவறுவார். முதலை அறிதல் ஆய்வாளருக்குக் கடமை. ஆடுபவருக்கு அது உடனடித் தேவை அன்று.

சார்பின் ஒரு முகம்: ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’

கேரத் டேமியன் மார்ட்டின் உருவாக்கி 2022இல் வெளிவந்த இவ்விளையாட்டில் துப்பறிதல் மையமன்று. ஒரு மனிதரின் மனப்படியைச் செயற்கை உடலில் ஏற்றி, நிறுவனமொன்று தன் உடைமையாக வைத்திருக்கிறது. அங்கிருந்து தப்பிய அவ்வுயிர் ஒரு விண்வெளி நிலையத்தில் கூலி வேலை தேடி வாழ்கிறது.

ஒப்புமை பகடையில் மட்டுமே உள்ளது, அதுவும் தலைகீழாக. ‘டிஸ்கோ எலிசிய’த்தில் செயலைத் தெரிந்த பின் பகடை உருள்கிறது. இங்கு ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும் பகடைகள் உருண்டுவிடுகின்றன. எந்தப் பகடையை எந்த வேலைக்குச் செலவிடுவது என்பதே ஆடுபவரின் முடிவு. உடல் நலிய நலியப் பகடைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. நோயுற்ற கூலித் தொழிலாளிக்கு நாளின் வாய்ப்புகள் குறைவதை விளக்கவுரை இன்றி இவ்விதி உணர்த்துகிறது. தோல்வி இங்குத் தற்செயலன்று. முன்கூட்டியே கையில் தரப்பட்ட வறுமை. சிறிய எண் விழுந்த பகடையும் வேறொரு பணிக்கு உதவக்கூடும் என்னும் விதி, அவ்வறுமையினூடே ஒரு நம்பிக்கையையும் வைக்கிறது.

சார்பின் மறுமுகம்: ‘பென்டிமென்ட்’

அப்சிடியன் நிறுவனத்தில் ஜோஷ் சாயர் இயக்கிய ‘பென்டிமென்ட்’ 2022 நவம்பரில் வெளிவந்தது. 1518இல் பவேரியாவின் டாசிங் என்னும் கற்பனை ஊரில், மடாலயத்தின் சுவடிக்கூடத்தில் பணிபுரியும் ஓவியர் ஆண்ட்ரியாஸ் மாலர் ஒரு கொலையை விசாரிக்க நேர்கிறது. கதை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு விரிகிறது. கைப்பிரதி ஓவியமும் மரச்செதுக்கு அச்சும் காட்சிக்கு அடிப்படை. மாந்தரின் கல்விக்கும் தொழிலுக்கும் ஏற்ப உரையாடலின் எழுத்துருவே மாறுகிறது.

இங்குப் பகடை இல்லை. ஒருவரை இணங்கவைக்கும் முயற்சி, முன்பு அவரிடம் பேசியவற்றின் கூட்டுத்தொகையால் முடிவாகிறது. யாருடன் உணவருந்துவது, எந்தத் தடயத்தைப் பின்தொடர்வது என்று தெரிவதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. முழுமையற்ற சான்றுகளைக் கொண்டு ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டும், சுட்டப்பட்டவர் உயிரிழக்கிறார். அவர்தாம் குற்றவாளியா என்பதை ஆட்டம் உறுதிப்படுத்துவதில்லை. ஆண்டுகள் கழிந்தபின் அதே ஊரில், அதே குடும்பங்களிடையே ஆடுபவர் நடக்க வேண்டியிருக்கிறது. ‘டிஸ்கோ எலிசிய’த்தில் தோல்விக்குப் பகடையைக் காரணங்காட்ட இயலும், இங்கு அந்தப் புகலிடம் இல்லை. தோல்வி பொறுப்பாக மாறுகிறது.

மீண்டும் ஆடுதல் குறித்து

விரும்பிய ஆட்டத்தையே மீண்டும் ஆடலாம் என்னும் தரப்பும் கருதத்தக்கது. வேறு திறன்களை முதன்மையாக்கினால் ‘டிஸ்கோ எலிசிய’த்தில் வேறு குரல்கள் ஒலிக்கும் என்பது உண்மை. எனினும் விடை தெரிந்த விசாரணையில் தோல்வியின் அச்சம் தணிந்துவிடுகிறது. மறுவாசிப்பு நுட்பத்தைக் கூட்டும். முதல் வாசிப்பின் இடரை மீட்டுத் தராது. அந்த இடரை வேறொரு படைப்புதான் தர இயலும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் தோல்வி நான்கு நிலைகளில் அமைவதை அறியமுடிகிறது. ‘டிஸ்கோ எலிசிய’த்தில் அது குணச்சித்திரம், ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’டில் மறைந்த விலை, ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’ஆட்டத்தில் வாழ்நிலை, ‘பென்டிமென்ட்’டில் பொறுப்பு. மிகுந்த ஒப்புமையுடைய முதலைவிட, ஓரிடத்தில் மட்டும் ஒத்துப் பிறவற்றில் விலகும் சார்புகளே அடுத்த தெரிவாகச் சிறக்கின்றன. முந்தைய ஆட்டம் பயிற்றிய வாசிப்பை அவை பயன்கொள்கின்றன, அதனோடு போட்டியிடுவதில்லை. அளவில் சிறிய ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’ முதலாகவும், ‘பென்டிமென்ட்’ அதனை அடுத்தும், ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ சற்று இடைவெளிவிட்டு இறுதியாகவும் அமையும் வரிசை இவ்வகையில் பொருந்தும். ‘அதைப் போன்றது எது’ என்னும் வினாவை ‘அது கற்பித்ததைக் கொண்டு எதை வாசிக்கலாம்’ என்று மாற்றிக் கேட்பதே விளையாட்டுத் திறனாய்வு இங்கு ஆற்றக்கூடிய பணி ஆகும்.