ஓர் ஓவியமும் அதன் இஸ்னாதும்

ஹதீஸ் கலையோடு பரிச்சயமுள்ள நமக்கு இஸ்னாத் புதிதல்ல. அறிவித்தவர் யார், நேரில் கண்டாரா என்று விசாரித்த பிறகே செய்திக்குள் நுழைவோம். ஓவியங்களுக்கும் அப்படியொரு சங்கிலி உண்டு. வெள்ளை மாளிகையிலுள்ள ஜோர்ஜ் வொஷிங்டனின் முழு உருவ ஓவியத்தை அந்தக் கண்ணோடுதான் நான் பார்க்கிறேன்.

கில்பேர்ட் ஸ்டுவேர்ட் 1796இல் தீட்டிய மூல ஓவியம் லான்ஸ்டவுண் பிரபுவுக்கு அன்பளிப்பாக இங்கிலாந்து போயிற்று. வெள்ளை மாளிகையிலிருப்பது அதன் பிரதி. 1800இல் 800 டொலருக்கு வாங்கப்பட்டது. அதில் வரையப்பட்டுள்ள ஒரு புத்தகத்தின் முதுகில் 'ஸ்டேட்ஸ்' என்ற சொல் ஓர் எழுத்து விழுந்து 'சேட்ஸ்' என நிற்கிறது. விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்!

1814 ஒகஸ்ட் 24இல் பிரித்தானியப் படை மாளிகையை எரித்தது. ஜனாதிபதி மெடிசனின் மனைவி டொலி இந்த ஓவியத்தைத் தானே தூக்கிக்கொண்டு தப்பினார் என்பது பிரபல்யமான கதை. ஆனால் அவரது கடிதமே அவ்வாறு கூறவில்லை. சுவரில் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்த சட்டத்தை உடைத்துத் துணியை எடுக்கும்படி பணித்ததாகவே அதில் எழுதுகிறார். அக்கடிதமும் 1830களில் அவர் பெயர்த்தெழுதிக் கொடுத்த பிரதியாகவே நமக்குக் கிடைக்கிறது.

மற்றைய அறிவிப்பாளர் போல் ஜெனிங்ஸ். அன்று பதினைந்து வயது அடிமைச் சிறுவன். பகல் விருந்துக்கு மேசை தயார்செய்துகொண்டிருந்தவர். 1865இல் வெளியான தனது நினைவுக் குறிப்புகளில் பிரபல்யமான கதையை முற்றாக மறுக்கிறார். ஏணியின்றி இறக்கமுடியாத ஓவியம் அது. இறக்கியவர்கள் வாயிற்காவலர் சியூசாவும் தோட்டக்காரர் மக்ரோவும் என்கிறார்.

ஐம்பது வருடம் கழித்து வந்த சாட்சியம்தானே எனலாம். நியாயமான கேள்வி. எசமானியம்மாள் மீது காழ்ப்பிருந்ததா என்றும் கேட்கத்தான் வேண்டும். 1846இல் டொலி அவரை 200 டொலருக்கு விற்றார். மறுவருடம் செனட்டர் டானியல் வெப்ஸ்டர் 120 டொலர் கொடுத்து மீட்டார். மாதம் 8 டொலர் வீதம் உழைத்துக் கழிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஓவியத்தின் விலை 800 என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியிருந்தும் அவரது எழுத்தில் டொலியைப் பற்றி நல்ல வார்த்தைகளே மிகுதி. பிற்காலத்தில் அந்த அம்மாள் வறுமைப்பட்டபோது தன் கையிலிருந்து சிறு தொகைகள் கொடுத்ததாகவும் எழுதுகிறார். பழிவாங்க எழுதும் பேனை இப்படி எழுதாது. அறிவிப்பாளர் திறனாய்வில் இவர் தேறிவிடுகிறார் என்றே சொல்வேன். டொலியின் கடிதமும் ஊன்றிப் படித்தால் இவரோடு முரண்படவில்லை. பணித்தவர் ஒருவர், இறக்கியவர்கள் வேறு சிலர். இரண்டையும் ஒருவரிலேயே ஏற்றியது பின்வந்தோரின் இடைச்செருகல்.

2009 ஒகஸ்ட் 24இல் ஜெனிங்ஸின் சந்ததியினர் வெள்ளை மாளிகைக்குச் சென்று அந்த ஓவியத்தைப் பார்த்தனர். அவரது நூல் மிகச் சிறியது. நம்மவர் யாரேனும் தமிழில் பெயர்த்தால் இச்சஞ்சிகையின் ஓர் இதழிலேயே பெரும்பகுதி அடங்கிவிடும்.