ஊர்க் கட்டுப்பாடு

ஜெஃப்ரி ரோஸ் எழுதிய ஒரு கட்டுரையைக் கடந்த இரண்டு வருடங்களில் நாலைந்து தடவை வாசித்துவிட்டேன். மொத்தமே ஏழு பக்கம்தான். 1985இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்தது. தலைப்பை அப்படியே தமிழாக்கினால் 'நோயுற்ற தனிமனிதர்களும் நோயுற்ற மக்கள்தொகைகளும்' என்று வரும். மக்கள்தொகை என்றால் நமக்கு சென்சஸ்தான் ஞாபகம் வருகிறது. அதனால் 'நோயுற்ற ஊர்' என்றே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

ரோஸ் லண்டனில் இதய நோய்களை ஆராய்ந்த மருத்துவர். இந்த நோயாளிக்கு இந்த நோய் இப்போது ஏன் வந்தது என்று கேட்கத்தான் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அதைக் கேட்டதால்தான் ரத்தக்கொதிப்பு, புகை, கொழுப்பு என்று நாம் இன்று ஒப்பிக்கும் ஆபத்துக் காரணிகள் எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டன. ரோஸ் அதன் பக்கத்தில் இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்து வைக்கிறார். இந்த ஊரில் இந்த நோய் ஏன் இவ்வளவு இருக்கிறது? முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஏழு பக்கத்தின் சாரம்.

இதற்கு அவர் ஒரு படம் காட்டுகிறார். லண்டன் அரசு ஊழியர்களின் ரத்த அழுத்தம் ஒரு வளைவு, கென்ய நாடோடி மக்களுடையது இன்னொரு வளைவு. ஐடியில் இருப்பவர்களுக்கு பெல் கர்வ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம், வருடா வருடம் அப்ரைசலில் அதில் ஏற்றி இறக்குகிறார்கள். இந்த இரண்டு வளைவுகளும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். லண்டன்காரர்களுடையது மொத்தமாக வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கோளாறான சிலர் ஓரத்தில் ஒதுங்கியிருப்பதாகவும், மற்றவர்கள் நன்றாக இருப்பதாகவும் நாம் கற்பனை செய்துவைத்திருக்கிறோமே, படத்தில் அப்படி எதுவும் இல்லை. லண்டனில் 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவரும் சேர்ந்துதான் நகர்ந்திருக்கிறார்.

என் வேலையே சர்வர்களைக் கண்காணிப்பது என்பதால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஏதாவது ஒரு சர்வர் எல்லையைத் தாண்டினால் அலர்ட் வரும், அதைச் சரிசெய்வோம். ஆனால் புது வெர்ஷன் போட்ட மறுநாள் ஆயிரம் சர்வரும் கொஞ்சம் கொஞ்சம் மந்தமானால்? ஏற்கெனவே விளிம்பில் இருந்த பத்துப் பதினைந்து மட்டும் எல்லை தாண்டிக் கத்தும். அந்தப் பதினைந்தை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டே இருப்பவனை எங்கள் டீமில் யாரும் மதிக்க மாட்டார்கள். நேற்று என்ன மாற்றினீர்கள் என்றுதான் முதலில் கேட்போம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் எண்கள் வரும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ரோஸின் இன்னொரு உதாரணம் இன்னும் கூர்மையானது. எல்லோருமே தினம் 20 சிகரெட் பிடிக்கும் ஒரு நாடு. அங்கே எவ்வளவு நேர்த்தியாக ஆய்வு செய்தாலும் நுரையீரல் புற்றுநோய் பரம்பரை வியாதி என்றுதான் முடிவு வரும். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஆய்வில் காரணமாகத் தெரியாது. சிகரெட்டை எடுத்துவிட்டு அங்கே மூன்று வேளை அரிசியை வையுங்கள். ஒன்பது மணி நேர நாற்காலியையும் வைக்கலாம். 'அவனுந்தான் அதையே திங்கிறான், அவனுக்கு வரலையே' என்று நம் வீடுகளில் சொல்கிறோம். கூடவே 'எங்க பரம்பரையிலேயே இருக்கு' என்கிறோம். இரண்டும் பொய்யில்லை. இரண்டுமே முதல் கேள்விக்கான பதில்கள், அதுதான் சிக்கல்.

நோய்க்கும் நோயின்மைக்கும் நடுவே இயற்கை கோடு எதையும் போட்டுவைக்கவில்லை என்பதை ரோஸுக்கு முன்பே ஜார்ஜ் பிக்கரிங் சொல்லிவிட்டார். உயர் ரத்த அழுத்தம் தனியான ஒரு நோய் என்றார் ராபர்ட் பிளாட். இல்லை, அது அளவின் பிரச்சினை என்றார் பிக்கரிங். 1950களில் இருவரும் இதற்காக மோதிக்கொண்டார்கள். கோடு நாம் போடுவதுதான் என்பதால் அது நகரவும் செய்யும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 140 என்றிருந்த கோட்டை 1997இல் 126 ஆக்கினார்கள். 2017இல் அமெரிக்காவின் இதயநோய் அமைப்புகள் ரத்த அழுத்தக் கோட்டை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கியபோது, அந்நாட்டில் நோயாளி என்று கணக்கிடப்பட்ட பெரியவர்கள் 32 சதவீதத்திலிருந்து 46 சதவீதம் ஆனார்கள். மருந்துக் கம்பெனிகளின் சதி என்று இதை வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள். கம்பெனிகளுக்கு லாபம் இல்லாமலும் இல்லை. ஆனால் 139இல் இருப்பவர் பத்திரமாக இருந்தார் என்று நினைத்ததுதான் பெரிய கட்டுக்கதை.

தமிழில் இந்த நோய்களைப் பற்றி வரும் எழுத்தைப் பார்த்தால் இரண்டு வகைதான். தவிர்க்க வேண்டிய பத்து உணவுகள் என்பது ஒன்று. கம்பங்கூழ் குடித்துத் தொண்ணூறு வயது வாழ்ந்த தாத்தா மற்றது. இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும், ஆனால் இரண்டுக்கும் பார்வை ஒன்றே. எல்லாம் தனிமனிதனின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அவனுக்குத்தான் கட்டுப்பாடு போதவில்லை. 'சுகர் கண்ட்ரோல்ல இருக்கா?' என்றுதானே விசாரிக்கிறோம். சூசன் சான்டாக் 1978இல் எழுதிய 'நோய் உருவகமாக' நூல், காசநோயும் புற்றுநோயும் நோயாளியின் குணத்தோடு முடிச்சுப் போடப்பட்டதைப் பேசுகிறது. நம் ஊரில் சர்க்கரையின் உருவகம் கட்டுப்பாடு. அது ஏறிவிட்டது என்றால் நாக்கை அடக்கத் தெரியாத ஆள் என்று பொருள்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையில் இருந்த காலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று உணவு ஆலோசகர் என்னைவிடச் சின்னப் பெண் ஒருவர் அவரிடம் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து, "சரியாத்தான்டா சொல்லுது அந்தப் பொண்ணு. இதை டைம் கீப்பர்கிட்ட யாரு சொல்றது?" என்றார். நெடுஞ்சாலையில் பஸ் நிற்கிற ஓட்டலில் டிரைவருக்கு என்ன போடுகிறார்களோ, எப்போது போடுகிறார்களோ, அதுதான் முப்பது வருடம் அவருடைய சாப்பாடு. ரோஸின் இரண்டாவது கேள்வியை அவர் டைம் கீப்பர் என்ற ஒற்றைச் சொல்லில் கேட்டுவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு மாத்திரை வேண்டாம் என்று ரோஸ்கூடச் சொல்ல மாட்டார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. முதல் கேள்விக்கு அது மிக நல்ல பதில்.

இரண்டாவது கேள்விக்கான பதில்கள் சலிப்பூட்டுபவை, அதனால்தான் அவற்றைப் பற்றிக் கதைகள் இல்லை. 1987 வாக்கில் மொரீசியஸ் அரசு ரேஷன் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்து சோயா எண்ணெய்க்கு மாறியது. ஐந்து வருடத்தில் அந்த நாட்டின் சராசரி கொலஸ்டிரால் கிட்டத்தட்ட 15 சதவீதம் இறங்கியது. அதற்கு எண்ணெய் மட்டுமே காரணம் இல்லை, ஆனால் பெரும்பங்கு அதற்குத்தான் என்கிறார்கள். யாரும் யாருடைய மனக்கட்டுப்பாட்டையும் சோதிக்கவில்லை. (சர்க்கரை நோய் அங்கே குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷனில் மானிய விலைக்குப் பாமாயில் தருகிறோம். அதில் பாதி நிறைகொழுப்பு. நம் வளைவை இடமும் வலமும் நகர்த்தும் பொருள்கள் மூட்டையாகவும் பாக்கெட்டாகவும் அந்தக் கடையில்தான் அடுக்கியிருக்கின்றன. அதே கடைதான் இங்கே பசியைத் துரத்தியது என்பதை மறந்துவிட்டு அதைப் பற்றி யாரும் எழுதக் கூடாது.

ரோஸ் தன் வாதத்தின் பலவீனத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார். ஊருக்குப் பெரிய நன்மை தரும் மாற்றம் ஒவ்வொருவருக்கும் தருவது மிகச் சொற்பம். பிரிட்டனின் ஆண் மருத்துவர்கள் எல்லோரும் வேலைக்காலம் முழுக்கக் காரில் சீட் பெல்ட் போட்டால், ஓர் உயிரைக் காக்க 400 பேர் போட வேண்டியிருக்கும், 399 பேர் நாற்பது வருடம் சும்மா போட்டவர்கள். இந்தக் கணக்கு சொல்லும் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. உப்பைக் குறை என்று உங்களிடம் சொல்பவர் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று இப்படிச் சொல்வதுண்டா?

ஆனால் ஓர் இடத்தில் ரோஸோடு உரசல் இருக்கிறது. தனிமனிதக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள் என்கிறார். சரி. தமிழில் ஊர்க் கட்டுப்பாடு என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் சாமான் கொடுக்காதே, தண்ணீர் கொடுக்காதே, பேசாதே என்று ஒரு குடும்பத்தையோ ஒரு தெருவையோ ஒதுக்கிவைப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஊர் என்றால் எல்லோரும் என்று பொருள் இருந்ததே இல்லை, ஊரும் சேரியும் வேறாகவே இருந்தன. ரோஸின் வளைவுக்குள் இந்தப் பிளவு தெரியாது. வளைவு நகரும்போது யார் முதலில் நகர்கிறார்கள், யார் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள் என்பதும் சராசரியில் தெரியாது. உப்பையும் எண்ணெயையும் ஓர் அரசு முடிவுசெய்யலாம் என்றால், அந்த முடிவை எடுக்கும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் மேலே போக முடியவில்லை. மருத்துவத்தையும் அரசியலையும் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது என்று 1992இல் வெளியான நூலின் முடிவில் அவரே சொல்கிறார். அங்கிருந்து அவர் எங்கே போயிருப்பார் என்று தெரிய வழியில்லை, மறுவருடம் இறந்துவிட்டார்.

பின்லாந்தின் வட கரேலியாவில் 1972இல் தொடங்கிய வேலை இதற்குப் பாதி பதில் தருகிறது. இதய நோயால் ஆண்கள் கொத்துக் கொத்தாக இறந்த பால்பண்ணைப் பகுதி அது. அங்கிருந்த மக்களே அரசிடம் மனு கொடுத்துத்தான் திட்டம் வந்தது. குடும்பத் தலைவிகளின் சங்கம் சமையலை மாற்றியது. வெண்ணெய் போனால் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்விக்கு பெர்ரி சாகுபடி ஒரு பதிலாக வந்தது. நாற்பது வருடத்தில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வளைவை மேலிருந்து மட்டும் யாரும் தள்ளவில்லை.

2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். தருமபுரிக்காரர்களுக்கு ராகி புதிதில்லை, களி கிண்டித் தின்றவர்கள்தான். அரிசிச்சோறு அங்கே வசதியின் அடையாளமாகப் போய்ச் சேர்ந்தது. விட்டுவிட்டு வந்ததை அரசே பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த வரிசையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று யாராவது போய் நின்று கேட்டு எழுதினால், அதை ரோஸின் ஏழு பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசிப்பேன்.