உடைவாளும் கைத்துப்பாக்கியும்

நவராத்திரிக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எங்கள் பத்மநாபபுரம் விழாக்கோலம் பூணும். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் பழைய மன்னரின் உடைவாள் கைமாறும். தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலுமாகத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். தமிழ்நாட்டுப் போலீஸாரும் கேரளப் போலீஸாரும் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் வாளைக் கண்டு பயப்படுகிறவர் யாரும் இல்லை. துப்பாக்கியைக் கண்டும் யாரும் ஒதுங்குவதில்லை. குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிற தூரத்தில்தான் நிற்கின்றன.

ஊர்வலம் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை வழியாகக் களியக்காவிளையைக் கடந்து போகும். அதே சாலையில்தான், ரோந்து போகிற போலீஸ்காரர் எந்நேரமும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஆதரவாகவும் எதிராகவும் சாட்சிகள் இருக்கின்றன.

ஆதரவான சாட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காவல் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை இருவர் சுட்டுக் கொன்றார்கள். அவர் கையில் ஆயுதம் இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில், திருச்சி நவல்பட்டு ஸ்டேஷனைச் சேர்ந்த சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு போனவர்களை மோட்டார் சைக்கிளில் துரத்திப் புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் போய்ப் பிடித்தார். பிடித்த இடத்திலேயே வெட்டுப்பட்டு இறந்தார். அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு எங்கள் மாவட்டத்துக்காரர். ரோந்து போகிறவர்கள் துப்பாக்கியோடு போக வேண்டும், தற்காப்புக்கு அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம் என்று அவர் அறிவுறுத்தினார். அந்த இரண்டு வீடுகளின் முற்றத்தில் நின்று அது தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. என் வீட்டுப் பையன் ஒருவன் நாளைக்கு போலீஸில் சேர்ந்து ராத்திரி ரோந்துக்குப் போனால், அவன் இடுப்பில் ஏதாவது இருக்கட்டும் என்றுதான் நானும் நினைப்பேன்.

எதிர்ச் சாட்சி வயதில் மூத்தது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்த காலம். 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் ஜனங்களைச் சுட்டார்கள், உயிர்கள் போயின. பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை அப்போது ஆட்சியில் இருந்தது. அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, சொந்தக் கட்சி மந்திரிசபையே ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. அந்தப் பிணக்கு வளர்ந்து 1955 முடிவதற்குள் அவர் தனிக் கட்சி கண்டார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கதை சொல்ல உட்கார்ந்தால், சேர்ந்த நாளுக்கு முன்னால் சுட்ட நாள்தான் வரும்.

கூட்டத்தின் மேல் சுடுவதும் ரோந்துக்காரர் துப்பாக்கி வைத்துக்கொள்வதும் ஒன்றா என்று வாசகர் கேட்கலாம். ஒன்றல்ல என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயமே. கூட்டத்தின் மேல் சுடுவதற்கு ஓர் உத்தரவு வேண்டும். முதலில் எச்சரிக்கை, பிறகு தடியடி, கடைசியில் துப்பாக்கி என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை மீறப்பட்டால் மீறியது யார் என்று கேட்கலாம். உத்தரவு கொடுத்தவர் ஒருவர் இருந்தார், அவருக்கு மேல் ஒரு மந்திரிசபை இருந்தது. அதனால்தான் லோகியாவால் அப்படிக் கேட்க முடிந்தது. ரோந்துக்காரரின் துப்பாக்கிக்கோ உத்தரவு அவருடைய விரலிலேயே இருக்கிறது. இருட்டு, அரை நிமிஷம், ஓடுகிற உருவம். நேராகச் சுட்டாலும் தவறாகச் சுட்டாலும் பொறுப்பு அவர் ஒருவருடையது. மந்திரியை யாரும் கேட்கப் போவதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒருநாள் கேட்டேன்: "ராத்திரி ரோந்துக்குப் போகும்போது இடுப்பில துப்பாக்கி இருந்திருந்தா உங்களுக்குத் தைரியமா இருந்திருக்காதா, ஏட்டையா?"

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "இருக்கும் தம்பி, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கள்ளனும் நானும் கட்டிப் பிரண்டா, அது அவன் கையில போயிடப்பிடாதே! ஆளப் பாக்கதா, துப்பாக்கியப் பாக்கதான்னு மனசு ரெண்டாப் போவும். அன்னைக்கு எனக்கு வேண்டியிருந்தது கூட ஒரு ஆளாக்கும்."

இந்தப் பிரச்னையைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் இல்லை. பூமிநாதனை நினைத்துப் பாருங்கள். நடுராத்திரியில் ஊர் எல்லை தாண்டித் தனியாகப் போய் நின்ற மனிதருக்குப் பக்கத்தில் ஒரு சகா நின்றிருந்தால்? களியக்காவிளையில் நடந்தது திடீர்த் தாக்குதல். எதிரே வந்தவர்கள் கொல்வதற்கென்றே வந்தவர்கள். அந்தக் கணத்தில் இடுப்புக்குக் கை போய், உறை திறந்து, துப்பாக்கி வெளியே வர அவகாசம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். மறைந்து நிற்க ஒரு சுவர், நல்ல வெளிச்சம், சற்றுத் தள்ளி நின்று கண்காணிக்கும் ஆயுதக் காவலர் ஒருவர், இவை இருந்திருந்தால் பலன் அதிகம். ஆனால் இதற்கெல்லாம் ஆள் வேண்டும், பணம் வேண்டும், திட்டம் வேண்டும். துப்பாக்கிக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

கதை எழுதுகிறவன் என்ற முறையிலும் எனக்கு ஒரு பயம் உண்டு. முதல் அங்கத்தில் சுவரில் துப்பாக்கி தொங்கினால் பின்னால் அது வெடித்தாக வேண்டும் என்று செக்காவ் சொன்னதை எழுதுகிறவர்கள் எல்லோரும் அறிவோம். நாடகத்துக்கு அது நல்ல சட்டம், நாற்சந்திக்கு ஆகாது. நம் சினிமாக்காரர்களோ மூன்றாம் அங்கம் வரைகூடப் பொறுப்பதில்லை. விசாரணை, சாட்சி, கோர்ட்டு என்ற சலிப்பான பாதையைக் கதாநாயகப் போலீஸ்காரரின் ஒரு தோட்டா சுருக்கிவிடுகிறது. கொட்டகையில் விசில் பறக்கிறது. மோதல் சாவு ஒவ்வொன்றும் சுதந்திரமாக விசாரிக்கப்பட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-இல் நெறிமுறை வகுத்ததை அந்த விசிலுக்கு நடுவே யார் கேட்பது?

வெளிநாட்டைப் பார்த்தால், இங்கிலாந்தில் சாதாரண ரோந்துப் போலீஸார் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. 1966-இல் லண்டனில் மூன்று போலீஸார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; 2012-இல் மான்செஸ்டர் பக்கத்தில் இரண்டு பெண் போலீஸார் கொல்லப்பட்டார்கள். அப்போதும் அந்த வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. துப்பாக்கிக்கென்று தனிப் படை வைத்திருக்கிறார்கள். நியூஸிலாந்தில் 2019-இல் ஆயுத ரோந்தைச் சில இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். மறு வருஷமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஊர்கள் வேறு, நம் ஊர் வேறு என்பீர்கள். வாஸ்தவம். இங்கே தடி மட்டும் வைத்திருக்கிற கையையே நாம் இன்னும் கட்டுப்படுத்தியபாடில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் நீதிமன்றக் காவலில் இருந்தபோது இறந்தார்கள். ஸ்டேஷனில் பட்ட அடியால்தான் என்று சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை சொன்னது. அங்கே தோட்டா ஒன்றுகூடச் செலவாகவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஆபத்து இன்ன இடத்தில் என்று தெரிந்தால், எல்லைச் சாவடியிலும் கொடிய குற்றவாளியைத் தேடிப் போகும்போதும், பயிற்சி பெற்றவர் கையில் துப்பாக்கி இருக்கட்டும். யார் கொடுத்தார், யார் வாங்கினார், எதற்கு என்று ஸ்டேஷன் ஏட்டில் பதியட்டும். தெருத்தெருவாகப் போகிற ரோந்துக்காரருக்கு முதலில் ஒரு துணையாளைக் கொடுங்கள். துணை கொடுக்காமல் துப்பாக்கி மட்டும் கொடுப்பது, சர்க்கார் தன் பொறுப்பைக் கழற்றிச் சம்பளக்காரர் ஒருவரின் இடுப்பில் கட்டிவிடுகிற காரியம்.

உப்பரிகை மாளிகையில் அந்த உடைவாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை வருஷந்தோறும் ஊரே நின்று பார்க்கிறது. அரசர்கள் போய்விட்ட பிறகும் அந்த ஒரு மரியாதையை நாம் விட்டுவிடவில்லை. வெட்டாத வாளுக்கே அவ்வளவு சாட்சி வேண்டியிருக்கிறது.