பெரியப்பாவின் காதும் ஒரு 48 சதவீதமும்

"காது மிஷின் போட்டால் மறதி நோய் வரும் வாய்ப்பு 48 சதவீதம் குறையும்." இந்த வரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கடப்பாக்கத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு உடனே மிஷின் வாங்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. பணம் போடுவதற்கு முன்னால் மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தேன்.

2023-ல் லான்செட் இதழில் வந்த 'அச்சீவ்' ஆய்வு அது. அமெரிக்காவில் காது மந்தமான, 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் காது மிஷினும் அதற்கான ஆலோசனையும், மறு பாதிக்குப் பொதுவான உடல்நலப் பாடமும் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், அறிவுத்திறன் குறைந்த வேகத்தில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. இதுதான் ஆய்வின் முதன்மை முடிவு. 48 சதவீதம் வந்தது, வயதும் நோய் அபாயங்களும் கூடுதலாக இருந்த 238 பேர் கொண்ட ஒரு பிரிவில் மட்டும். அந்தப் பிரிவைத் தனியாகப் பார்ப்பது என்று முன்கூட்டியே திட்டமிட்டிருந்தார்கள், அதனால் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அங்கேயும் அளந்தது அறிவுத்திறன் குறையும் வேகத்தை. மறதி நோய் எத்தனை பேருக்கு வந்தது என்பதை அல்ல.

அதே வருடம் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில், மிஷின் போட்டவர்களுக்கு அபாயம் குறைவு என்று பிரிட்டன் தரவை வைத்து ஒரு கட்டுரை வந்தது. டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. கணினி நிரலில் மிஷின் போட்டவர்களும் போடாதவர்களும் இடம் மாறிவிட்டார்களாம்! அந்தச் செய்தி மட்டும் எங்க குழுவுக்கு வரவே இல்லை.

தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2011-ல் ஃபிராங்க் லின் குழு பால்டிமோரில் 639 பேரைத் தொடர்ந்து பார்த்தது. லேசான மந்தம் உள்ளவர்களுக்கு மறதி நோய் அபாயம் சுமார் இரண்டு மடங்கு, கடுமையாக இருந்தால் ஐந்து மடங்கு. கேட்கவே மூளை திணறுவதாலா, ஆட்களோடு பழக்கம் விட்டுப்போவதாலா, இரண்டுக்கும் ரத்தக்குழாய்ச் சேதம் மாதிரி ஒரே வேர் இருப்பதாலா? இன்னும் தீர்ந்தபாடில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பெரியப்பா 25 வருஷம் ஃபைபர் போட்டில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவர். வயதாலும் இரைச்சலாலும் உட்காதின் மயிர்செல்கள் அழியும்போது முதலில் போவது உயர் சுருதி. உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகிவிடும். "சத்தம் கேக்குதுடா, என்ன சொல்றன்னுதான் வெளங்கல" என்பார்.

ஒரு முகாமில் அவருக்கு ஞாபகசக்திப் பரிசோதனை செய்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, முகக்கவசம் போட்ட ஒருவர் மூன்று வார்த்தை சொல்லி, சற்று நேரம் கழித்து திருப்பிச் சொல்லச் சொன்னார். பெரியப்பா ஒன்றுதான் சொன்னார். காதில் விழாத வார்த்தையை எப்படி ஞாபகம் வைப்பது? அன்றிலிருந்து வீட்டில் "அவருக்கு மறந்துபோகுது" என்று பேச்சு. வலை வாங்குவதில் கூட அவரைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மறதிப் பரிசோதனைக்கு முன் காதைப் பார்க்கணும், காதுக் குரும்பி அடைத்திருக்கிறதா என்றாவது பார்க்கணும். இது விளம்பரத்தில் வராது.

மிஷின் வாங்கத்தான் போகிறோம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்திலும் கிடைக்கும். ஆனால் அச்சீவ் ஆய்வில் மிஷினைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. ஆடியாலஜிஸ்ட் பல தடவை உட்கார்ந்து சரிசெய்து பழக்கினார். அந்தப் பாதி இல்லாவிட்டால் மிஷின் பீரோவுக்குள் போய்விடும்.

மறதி வராது என்று பெரியப்பாவுக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். வலை பற்றி மறுபடி அவரிடம் கேட்கலாம். அந்த ஒரு காரணமே மிஷினுக்குப் போதும். அது வரும்வரை ஃபேனை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசச் சொல்லியிருக்கிறேன்.