ஒமானில் நடக்கிற தடமெல்லாம் ஊரார் நடந்த தடம்

ஒமான் போய் வந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் எனக்கு அதே பேச்சுதான். சென்னையிலிருந்து விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் மஸ்கட். நம்மில் பலருக்கு அது மாமாவோ சித்தப்பாவோ வேலைக்குப் போன ஊர், விடுமுறைக்கு அவர்கள் வரும்போது பேரீச்சம்பழம் வந்து இறங்குகிற ஊர். அங்கிருந்து ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் 3,000 மீட்டர் உயர மலை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், ஆமைகள் கரையேறும் கடற்கரை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். இது தெரிந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

மலை, மணல், கடல் மூன்றும் உள்ள நாடுகள் இன்னும் சில இருக்கின்றன. ஆனால் ஒமானில் நாம் சாகசம் என்று சொல்லிக்கொண்டு நடக்கிற தடம் ஒவ்வொன்றிலும், தண்ணீருக்கும் ஆட்டுக்கும் வயலுக்குமாக யாரோ தினமும் நடந்திருக்கிறார்கள். என்னை அந்த நாட்டின்மேல் பைத்தியமாக ஆக்கியது இதுதான்.

முதலில் ஜபல் ஷம்ஸ். ஹஜர் மலைத்தொடரின் மிக உயரமான சிகரம். அதன் ஓரத்தில் பூமி பிளந்துகொண்டு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அரேபியாவின் கிராண்ட் கேன்யன் என்று சுற்றுலாக்காரர்கள் சொல்லும் பள்ளத்தாக்கு இதுதான். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள்! அல் கிதைம் என்ற சிற்றூரிலிருந்து 'பால்கனி நடை' என்று ஒரு பாதை கிளம்புகிறது. செங்குத்துப் பாறைச் சுவரின் நடுவயிற்றில், பள்ளத்தாக்கை ஒட்டியே, சுமார் 4 கிலோமீட்டர். பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கோடுகள் தீட்டி வழி காட்டியிருக்கிறார்கள். பெரும்பகுதி ஏறக்குறைய சமதரை. மலையேறிப் பழகாதவர்களும் நிதானமாக நடந்துவிடலாம். உயரம் என்றாலே கால் கூசுகிறவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் தோளை உரசும் பாறை, மறுபக்கம் வெறும் காற்று.

நடந்துகொண்டிருந்தபோது எங்களுக்குக் கீழே பெரிய பறவையொன்று வட்டமிட்டது. கழுகு வகையை அண்ணாந்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதன் முதுகு தெரிந்தபோது மூச்சே நின்றுவிட்டது. வெளுத்த உடல், இறக்கையின் ஓரத்தில் கறுப்பு, மஞ்சள் முகம். மஞ்சள்முகப் பாறு! திருக்கழுக்குன்றத்தில் ஒரு காலத்தில் உச்சிவேளையில் வந்து பிரசாதம் உண்டு போனதே, அதே இனம். நம் குன்றில் இப்போது அவை வருவதில்லை. உலகம் முழுக்கவே அருகிவரும் இந்தப் பறவைக்கு ஒமான் இன்னும் பெரிய புகலிடமாக இருக்கிறது. அது ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் பார்வை மட்டத்துக்கு எழும்பி, இறக்கையை அசைக்காமலே பாறைத் திருப்பத்துக்குப் பின்னால் போய்விட்டது. அதற்காக மட்டுமே இன்னொரு முறை அந்தப் பாதையில் நடப்பேன்.

பாதை முடிகிற இடத்தில் அஸ் ஸாப். பாறை கூரையாகக் கவிந்திருக்க, அதன் அடியில் கல் வீடுகள். இப்போது யாரும் குடியிருக்கவில்லை. குனிந்து நுழைகிற வாசல்கள், புகை படிந்த மேற்சுவர், கீழே மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள், மேலே பாறை மடிப்பில் ஒரு சுனை. நாம் கைத்தடி, காலணி என்று தயாராகி வந்த இந்தப் பாதைதான் அந்த ஊருக்குத் தெரு. கழுதையில் மூட்டை ஏற்றிக்கொண்டும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டும் இதே விளிம்பில்தான் அவர்கள் போய் வந்திருக்க வேண்டும். இன்றைக்கும் ஆடுகள் அங்கே அலட்டாமல் மேய்கின்றன.

வழிநெடுக மிதிக்கிற பாறையையும் கவனியுங்கள். சுண்ணாம்புப் பாறை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. ஹஜர் மலைகளின் வேறு பகுதிகளில் கடலடித் தரையின் பாறையே, அதற்கும் கீழே இருந்த அடுக்கோடு, நிலத்தின்மேல் ஏறி நிற்கிறது. பூமிக்குள்ளே இருப்பதைப் பட்டப்பகலில் தொட்டுப் பார்க்க உலகெங்கிலுமிருந்து புவியியலாளர்கள் இங்கே வருகிறார்கள்.

மலையிலிருந்து இறங்கும் வழியில் மிஸ்ஃபத் அல் அப்ரியீனில் ஒரு மாலை தங்கியே ஆக வேண்டும். மலைச்சரிவில் மண் வீடுகள், அவற்றுக்குக் கீழே பேரீச்சை, வாழைத் தோப்புகள். ஊருக்குள் நடக்கிற பாதையோடு கூடவே ஃபலஜ் வாய்க்கால் ஓடுகிறது. மலையின் நீரைச் சரிவை மட்டும் நம்பி ஊருக்குக் கொண்டுவரும் பழைய பாசன முறை இது. பகலில் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தும் இன்னாருக்கு இவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கு பிரித்தார்கள். நம் ஏரிப் பாசனத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஒமானில் இன்றும் சுமார் 3,000 ஃபலஜ்கள் பயன்பாட்டில் இருக்கின்றன; அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. வெயிலில் வந்த காலை அந்த வாய்க்காலின் கரையில் வைத்து நடக்கும்போது வருகிற சுகத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அடுத்து மணல். ஷர்கியா மணல்வெளி, வஹீபா என்றால் எல்லோருக்கும் தெரியும். வடக்கு தெற்காக ஏறத்தாழ 180 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 80 கிலோமீட்டர். பிதியா ஊரைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்துவிடும். அங்கே எங்கள் ஓட்டுநர், பாலைவனத்துப் பதுவினக்காரர், இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகிலும் குந்தி உட்கார்ந்து, சின்னக் குச்சியால் வால்வை அழுத்திக் காற்றைப் பாதிக்கு இறக்கினார். டயர் தட்டையாகப் படிந்தால்தான் மணலில் புதையாமல் மிதந்து போகும். பிறகு நூறு மீட்டர் உயர மணல்மேடு ஒன்றில் வண்டியை ஏற்றினார் பாருங்கள்! உச்சியில் முன்பக்கம் வானத்தைப் பார்த்து, ஒரு கணம் நின்று, அப்படியே மறுபக்கம் சறுக்கி இறங்கியது. நாங்கள் கத்தினோம், அவர் சிரித்தார். அவருக்கு அது வீட்டுக்குப் போகிற வழி.

அவர் வீட்டுக் கூடாரத்தில் காவா கொடுத்தார்கள். ஏலக்காய் மணக்கும், சர்க்கரை இல்லாத காப்பி. முதலில் பேரீச்சம்பழம், பிறகு பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஒரு மடக்கு. குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார்கள். போதும் என்றால் லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். வலது கையால்தான் வாங்க வேண்டும். நமக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. விடியற்காலையில் செருப்பில்லாமல் மணல்மேடு ஏறிப் பாருங்கள். ராத்திரியின் குளிர் மணலுக்குள் அப்படியே இருக்கும். வண்டு நடந்த தடம்கூட மணலில் தெளிவாகத் தெரியும்.

அங்கிருந்து கடலோரம் போய் வாடி ஷாப். மழைக்காலத்து வெள்ளம் அறுத்த மலையிடுக்குக்கு அங்கே வாடி என்று பெயர். மஸ்கட் – ஸூர் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் சின்னப் படகில் அக்கரை போய், இரு பக்கமும் மலைச்சுவர் உயர, தோப்புகளையும் வாய்க்காலையும் ஒட்டி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். அதற்குமேல் நீச்சல்தான். பச்சையும் நீலமுமாக ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்கள். கடைசியில் பாறை இரண்டாகப் பிளந்து, தலை மட்டும் நுழைகிற அகலத்தில் ஒரு சந்து. மோவாயைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உள்ளே நீந்திப் போனால், குகைக்குள் அருவி கொட்டுகிறது! மேலே இடுக்கு வழியாக வெளிச்சம் தண்ணீரில் விழ, கூரை முழுக்க நீல அலை ஆடுகிறது. அங்கே நான் போட்ட கூச்சல் இன்னும் எதிரொலித்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஸூர் துறைமுகத்தில் மரக்கலம் கட்டும் பட்டறையைப் பார்த்துவிட்டு ராஸ் அல் ஜின்ஸ் போய்ச் சேருங்கள். அங்கே இரவில் வழிகாட்டியோடு மட்டுமே கடற்கரைக்குப் போக முடியும். ஃபிளாஷ், டார்ச் கூடாது. அலையிலிருந்து பச்சை ஆமை ஒன்று மூச்சிரைக்க ஏறி வந்து, பின்துடுப்புகளால் மணலை அள்ளிக் குழி பறித்து, நூறு முட்டை அளவுக்கு இட்டு, மூடிவிட்டுப் போகிறது. கடலில் பல ஆண்டுகள் சுற்றி வளர்ந்த பெண் ஆமை, தான் பிறந்த பகுதிக்கே முட்டையிடத் திரும்புகிறது. ஆண்டு முழுக்க அவை வந்தாலும் கோடையில்தான் கூட்டம் அதிகம். தன் தடத்தில் தானே திரும்பி வரும் அந்த உயிரைப் பார்த்தபோது, மலையிலும் மணலிலும் மனிதர்களிடம் பார்த்தது மறுபடி கண்முன் வந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் முதல் மார்ச் வரை தோதான காலம். ஜபல் ஷம்ஸில் குளிர்கால இரவு பூஜ்யத்தை நெருங்கும், கம்பளி வேண்டும். மலையில் மழை என்று கேள்விப்பட்டால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் வாடிக்குள் இறங்காதீர்கள். எங்கோ பெய்த மழை நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். மலைக்கும் மணலுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுங்கள். ஊர்களுக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. தண்ணீர், தேநீர், வழி, எது கேட்டாலும் இல்லை என்று சொல்லாத மனிதர்கள் அவர்கள்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, எங்கே போகட்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பால்கனி நடை. விடியலில் மஸ்கட்டை விட்டால் முற்பகலுக்குள் பாதையில் இருக்கலாம், இரவுக்குள் திரும்பிவிடலாம். போய் நடந்து பாருங்கள். மணலுக்கும் கடலுக்குமான அடுத்த விமானச்சீட்டை நீங்களே போட்டுவிடுவீர்கள். நான் சொல்ல வேண்டியிருக்காது.